சாந்தோம் பேராலயம்: 1523ஆ, 1896ஆ?

கேள்வி (மந்தைவெளிவாசி):
ஊரிலிருந்து வந்திருந்த அத்தையைச் சென்ற வாரம் சாந்தோம் பேராலயத்துக்கு அழைத்துச் சென்றேன். "இது போர்த்துக்கீசியர் கட்டியதுதானே?" என்று அவர் கேட்டார், யோசிக்காமல் ஆமென்று சொல்லிவிட்டேன். வீடு திரும்பிய பின் படித்த கட்டுரையோ 1896 என்கிறது. எது சரி? மேலும், உயர்ந்த கோபுரம் ஒன்று இருக்கும்போது கூரையின் நடுவே சிறியதாக இன்னொன்று எதற்கு?

பதில் 1 (கல்லும்சுண்ணாம்பும்):
இரண்டு ஆண்டுகளுமே சரிதான். ஆனால் அவை வெவ்வேறு கட்டடங்களுக்கு உரியவை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, இயேசுவின் சீடரான புனித தோமாவின் கல்லறை மக்கள் அதிகம் வசிக்காத ஒரு சிற்றூரில் இருப்பதாக எழுதினார். போர்த்துக்கீசியர் 1523இல் அவ்விடத்தைத் தோண்டி, பாழடைந்து கிடந்த பழைய தொழுகையிடத்தின் மீது தங்கள் ஆலயத்தை எழுப்பினார்கள். 1606இல் மயிலை ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள தனி மறைமாவட்டமானபோது, அதுவே அந்த ஆயரின் தலைமை ஆலயமான பேராலயமாயிற்று. அதை 1893இல் இடித்துவிட்டு, கூர்வளைவுகளும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் கொண்ட கோத்திக் பாணியில் இன்றைய ஆலயத்தைக் கட்டி 1896இல் அர்ச்சித்தார்கள். ஆகவே உங்கள் அத்தை கண்ணால் கண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம்.

ஏறத்தாழ 155 அடி உயரமுள்ள கோபுரம் ஆலயத்துக்குரியது; நடுவிலுள்ள சிறிய கோபுரம் கீழேயுள்ள கல்லறையைக் குறிப்பது. கட்டடம் மாறினாலும் கல்லறையை விட்டு விலகவில்லை என்பதை அந்தச் சிறிய கோபுரமே சொல்லிவிடுகிறது.

பதில் 2 (பழைய மயிலை):
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பாணியைப் பார்த்து இதை ஆங்கிலேயர் ஆலயம் என்று எழுதுகிறவர்கள் உண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டுவித்த மேற்றிராணியார் (ஆயர்) ரீட் தா சில்வா போர்த்துக்கீசியர்; ஊர் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோதும் இந்த மறைமாவட்டம் போர்த்துக்கல் அரசின் ஞான ஆதரவின் கீழேயே, அதாவது திருச்சபைப் பணிகளை அந்த அரசு பொறுப்பேற்று நடத்தும் ஏற்பாட்டிலேயே, இருந்தது. 1952இல்தான் சென்னை உயர் மறைமாவட்டத்தோடு இணைந்து சென்னை மயிலை உயர் மறைமாவட்டமாயிற்று.

புனித தோமையார் மலை எனப்படும் பரங்கிமலையில் உள்ள ஆலயத்தின் கதை வேறு. அங்கே 1547இல் அஸ்திவாரம் தோண்டியபோது பகலவி என்ற பழைய பாரசீக எழுத்து பொறித்த கற்சிலுவை கிடைத்தது. அதைப் பலிபீடச் சுவரிலேயே பதித்துவிட்டார்கள். பழையதைப் புதிய கட்டடத்துக்குள் கண்ணெதிரே வைப்பதும் ஒரு முறைதான்.

மந்தைவெளிவாசி:
இருவருக்கும் நன்றி. அத்தை புதன்கிழமை வரை இங்கேதான் இருக்கிறார். அந்தச் சிறிய கோபுரத்தை மீண்டும் ஒருமுறை காட்டிவிட்டு, பரங்கிமலைக்கும் அழைத்துச் செல்கிறேன்.