நாட்டுச் சேவலில் கோக் ஓ வான்: குக்கரில் வைக்கலாமா?

ஈரோட்டுக்காரி:
வணக்கங்க. ஞாயிற்றுக்கிழமைக்குக் காங்கேயத்திலிருந்து சித்தப்பா தோட்டத்துச் சேவல் ஒன்று வருகிறது, நல்ல முற்றல், இரண்டு கிலோவுக்குக் குறையாது. எப்போதும் போலக் குழம்பும் ரசமும் வைக்காமல் பிரெஞ்சுக்காரர்கள் சிவப்பு வைனில் வேகவைக்கிற கோக் ஓ வான் செய்து பார்க்க ஆசை. வீடியோவில் எல்லாரும் பிராய்லரைப் போட்டு முக்கால் மணி நேரத்தில் இறக்கிவிடுகிறார்கள், என் சேவலுக்கு அது பத்துமா? குக்கரில் வைக்கலாமா? பன்றிக்கறி எங்கள் வீட்டில் ஆகாது. வீட்டுக்காரர் ஒரு போர்ட் வைன் வாங்கி வைத்திருக்கிறார், அது போதும்தானே?

சிங்காநல்லூர் அடுப்படி:
அந்தப் போர்ட் வைனை அப்படியே மூடி வைங்க. அது இனிப்பு, சுண்டச் சுண்டப் பாகு மாதிரி ஆகிவிடும். லேபிளில் ட்ரை என்று போட்ட சிவப்பு வைன் வேண்டும், நாசிக் வைனே போதும், 750 மில்லி ஒரு பாட்டில் இந்தச் சேவலுக்குச் சரியாக இருக்கும்.

மற்றபடி முற்றல் சேவல் கிடைத்ததற்குச் சந்தோஷப்படுங்க, பிரான்ஸில் பர்கண்டிப் பக்கம் இந்தச் சமையலே அதற்காக வந்ததுதான். தொடை, கால் ஜவ்வெல்லாம் மெதுவாகக் கரைந்துதான் சாறு கொழகொழவென்று வரும். இரண்டரை, மூன்று மணி நேரம் சிறு தீயில் வையுங்க, கொதி தெறிக்கக் கூடாது. பிராய்லரை அவ்வளவு நேரம் வைத்தால் நார் நாராகிவிடும்.

கடையில் தீயில் வாட்டித் தோலோடு வெட்டித் தரச் சொல்லுங்க, ஆனால் மஞ்சள் தடவ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்க, இல்லாவிட்டால் அவர்கள் கை தானாகத் தடவிவிடும். முந்தின இரவே வைன், கேரட், பிரிஞ்சி இலையோடு ஊறவைத்து, காலையில் ஒவ்வொரு துண்டையும் துணியால் ஒற்றி எடுங்க. ஈரம் இருந்தால் கறி சிவக்காது, வெந்து வெளுத்துப்போகும். பன்றிக்கறிக்குப் பதில் சேவலின் கொழுப்பையே உருக்கி அதில் வறுங்க. புகை வாசம் இருக்காது, பரவாயில்லை.

அலுமினியக் குக்கர் மட்டும் வேண்டாம், வைன் புளிப்புக்குத் தகர வாடை வந்துவிடும். அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் நல்லது. குக்கர்தான் என்றால் வைனைத் தனியாகப் பாதியாகச் சுண்டவிட்டு அப்புறம் ஊற்றுங்க, மூடி போட்டால் அது சுண்டாது.

பொள்ளாச்சி அக்கா:
சின்ன வெங்காயம் நம்மூரில் கிடைக்கிற மாதிரி அவர்களுக்கே கிடைக்காது கண்ணு. முழுசாக உரித்து வெண்ணெயில் வதக்கி, கடைசி இருபது நிமிடத்தில் சேர்த்தால் போதும். காளானையும் தனியாகத் தண்ணீர் வற்ற வறுத்துப் போடு. சாறு கெட்டியாக, வெண்ணெயும் மைதாவும் சம அளவு பிசைந்து சிறு சிறு உருண்டையாகக் கலக்க வேண்டும். அந்தக் காலத்தில் சேவல் ரத்தத்தையே ஊற்றிக் கெட்டியாக்குவார்களாம். ரத்தப் பொரியல் சாப்பிடுகிற நமக்கு அதில் ஒன்றும் அதிசயமில்லை.

ஈரோட்டுக்காரி:
நன்றிங்க அக்கா. அமுச்சியும் சாப்பிட வருவார், வைன் என்றால் முகம் சுளிப்பார். வெந்த பிறகு போதை எல்லாம் ஆவியாகிவிடும்தானே?

சிங்காநல்லூர் அடுப்படி:
முழுக்கப் போகாதுங்க. ஒரு மணி நேரம் கொதித்தால்கூடக் கால் பங்கு நிற்கும், இரண்டரை மணி நேரத்தில் இருபதில் ஒரு பங்குக்கு இறங்கும். போதை ஏறாது, ஆனால் சொல்லாமல் பரிமாறாதீங்க. கொஞ்சம் கறியை எடுத்து அவருக்குத் தனியாக மிளகு போட்டு வறுத்துவிடலாம்.

கரூர் மாப்ள:
நாலு வரமிளகாய் கிள்ளிப் போட்டால் என்னங்க தப்பு?

பொள்ளாச்சி அக்கா:
அப்புறம் தேங்காய்ப் பல்லையும் போடு, பள்ளிபாளையம் சிக்கனே செய்துவிடலாம், வைன் காசு மிச்சம். ஈரோட்டுக்காரி, முடிந்தால் சனிக்கிழமையே வேகவைத்துவிடு, மறுநாள் சுடவைத்தால் ருசி கூடும். மைதா வெண்ணெயை அப்போது சேர். தொட்டுக்கொள்ளச் சந்தகை பிழிந்துவிடு, உருளைக்கிழங்கைவிடச் சாற்றை நன்றாக உறிஞ்சும்.