முதல் அறிபுனை நாவலுக்குப் பெரிய பெயரின் அணிந்துரை: வாங்கலாமா, வேண்டாமா?

கெடிலக்கரை (கடலூர்):
அறிபுனையோ (அறிவியல் கதை) மிகுபுனைவோ (மந்திர, மாய உலகக் கதை), முதல் நாவலைப் பதிப்பகத்தில் கொடுத்ததும் வரும் கேள்வி "அணிந்துரை யாரிடம் வாங்கறீங்க?" என்பதுதான். என் கட்சி: யாரிடமும் வேண்டாம். அமெரிக்கப் பதிப்பகம் சைமன் அண்ட் ஷுஸ்டர் 2025 ஜனவரியில், தன் முதன்மைப் பிரிவு நூல்களுக்கு எழுத்தாளர்கள் இனிப் பாராட்டு வாசகம் திரட்டித் தரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. அங்கேயே சலித்துப்போன சடங்கை நாம் ஏன் சுமக்கணும்? நம்மூரில் இன்னும் மோசம். அங்கே பின்னட்டையில் இரண்டு வரி. இங்கே நூலின் வாசலிலேயே எட்டுப் பக்கம், கதைச் சுருக்கத்தோடு. காலப்பயணக் கதையில் கிழவரும் சிறுவனும் ஒரே ஆள் என்பது 210ஆம் பக்கத்து ரகசியம் என்று வையுங்கள். அணிந்துரைக்காரர் அதை 7ஆம் பக்கத்தில் போட்டு உடைத்துவிட்டு, "உத்தி வியக்க வைக்கிறது" என்பார்.

உப்பனாறு (புதுச்சேரி):
அது எழுதுகிறவர் பிழை சார், வழக்கத்தின் பிழை இல்லை. "மாடக்குச் சித்திரமும் மாநகர்க்குக் கோபுரமும்" போல நூலுக்கு அணிந்துரை என்கிறது நன்னூல். பாடலீசுவரர் கோபுரத்தைப் பார்த்துத்தானே திருப்பாதிரிப்புலியூர் வந்தாச்சு என்கிறோம்? புத்தகக் கண்காட்சி மேசையில் நூற்றுக்கணக்கில் அட்டைகள் கிடக்கும். டிராகன் படம் போட்ட புதுப்பெயரை எடுத்துப் புரட்ட ஒரு காரணம் வேண்டும். "தான்தற் புகழ்தல் தகுதி யன்றே" என்பதும் அதே நூல்தான். அப்புறம் வேறொருவர்தானே சொல்லணும்? யார் சொல்லலாம் என்ற பட்டியலும் அதிலேயே இருக்கு: தன் ஆசிரியன், தன்னோடு கற்றவன், தன் மாணாக்கன், தகுந்த உரைகாரன்.

கெடிலக்கரை:
ஆக, பரஸ்பர முதுகு சொறிதலுக்கு இலக்கணமே இருக்கு என்கிறீர்கள் :)
சிறப்புப் பாயிரத்தில், அதாவது அந்த நூலுக்கென்றே எழுதும் முன்னுரையில், சொல்ல வேண்டியவை எட்டு என்பதும் அங்கேதான் வருகிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இந்த எட்டில் "அபாரம்" எங்கே?
புகழ்ச்சி நூலுக்கே வினையாவதும் உண்டு. 1954இல் டோல்கீனின் மோதிரக் கதை (தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்) முதல் பாகத்தின் உறையில் எழுத்தாளர்கள் சி. எஸ். லூயிஸ், ரிச்சர்ட் ஹியூஸ், நவோமி மிச்சிசன் மூவரும் புகழ்ந்திருந்தார்கள். தன் பெயரால் நன்மையைவிடக் கேடு வரலாம் என்று லூயிஸே நண்பர் டோல்கீனை எச்சரித்திருந்தார். விமர்சகர் எட்வின் மியூர் தன் மதிப்புரையைத் தொடங்கியதே, உறையின் புகழ்க் குண்டுமழைக்குத் தப்ப இது பெரும் படைப்பாக இருந்தால்தான் உண்டு என்றுதான்.

ஃபாரம்16 (லாஸ்பேட்டை):
கொள்கை இருக்கட்டும், அச்சுக் கணக்கைப் பாருங்க. ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அடித்து மடிக்கும் கட்டு, 16 பக்கம். கதை 236, தலைப்பு, உரிமைப் பக்கங்கள் 4. மொத்தம் 240, சுளையாக 15 ஃபாரம். கடைசி வாரத்தில் 6 பக்க அணிந்துரை வந்து நுழைந்தால் 246. பதினாறாவது ஃபாரம் போட்டாகணும், பத்துப் பக்கம் வெள்ளையாகப் போகும். பக்கத்துக்கு 30 வரியை 31 ஆக்கினால் கதை 229க்குச் சுருங்கும்தான். ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் புதுப் பக்கத்தில் தொடங்கினால் அந்தக் கணக்கு பலிக்காது. கையெழுத்தில் தந்தால் இன்னொரு தொல்லை: தட்டச்சில் பாத்திரத்தின் பெயர் மாறிப்போகும். மிகுபுனைவில் பெயரெல்லாம் புதுசு, பிழை திருத்துபவருக்கும் பிடிபடாது.
பின்னட்டை மட்டும் என்றால் இந்த வம்பு இல்லை. ராப்பர் (மேலட்டை) தனியாகத்தான் அச்சில் ஓடும். டெமி என்ற வழக்கமான நாவல் அளவில், கீழே பார்கோடுக்கு விட்டது போக, 10 புள்ளி எழுத்தில் அறுபது எழுபது சொல் நெருக்கடி இல்லாமல் நிற்கும்.

உப்பனாறு:
பின்னட்டைக்கு மாற்ற எனக்குத் தடையில்லை. ஆளைத் தேர்வதுதான் விஷயம். அறிபுனையே படிக்காத பெரியவரிடம் போனால் "இது வெறும் அறிவியல் கதை அல்ல" என்று எழுதித் தருவார். அந்த "வெறும்" இருக்கே, அறிபுனை தேடி வந்தவனைத்தான் முதலில் விரட்டும். இந்த வகையில் இரண்டு நூல் எழுதியவர், பெயர் சின்னதானாலும் மேல்.
கேட்பதென்றால் அச்சுக்கு மூன்று மாதம் முன்னால், பிழை திருத்திய பிரதியைத் தாளில் கொடுக்கணும். கூடவே ஒரே பக்கத்தில் பாத்திரப் பெயர்கள், அந்த உலகத்தின் விதிகள், எதை வெளியே சொல்லக் கூடாது என்பது. நாற்பது சொல் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்க. மறுத்தால் காரணம் கேட்காதீங்க. வந்ததைச் சுருக்கினால் சுருக்கிய வடிவத்துக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கணும். "முதல் பாதி அபாரம், பிறகு தடம் மாறுகிறது" என்பதை "அபாரம்..." ஆக்கும் மூன்று புள்ளி வித்தை ஒருநாள் முகநூலில் சந்தி சிரிக்கும்.

கெடிலக்கரை:
அவர் முழுசாகப் படித்தாரா என்று எப்படித் தெரியும்? சொல்லும் பாத்திரமும் இடமும் முதல் மூன்று அத்தியாயத்தைத் தாண்டவில்லை என்றால் சந்தேகப்படலாம். அதைவிட முன்னுரையைத் தானே எழுதிவிடலாம். இதே திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் 1943இல் காஞ்சனைத் தொகுப்புக்குத் தானே முன்னுரை எழுதி, உலகை உய்விக்கும் நோக்கமெல்லாம் தன் கதைகளுக்குக் கிடையாது என்றார். பேய்க்கதையை அதைவிட நேர்மையாக யார் விற்க முடியும்?

குருசுக்குப்பம்:
பிரெஞ்சு நாவல்கள் பலவற்றில் அட்டை துறவி மாதிரி வெறிச்சென்று இருக்கும். பாராட்டும் பரிசும் மேலே சுற்றிய சிவப்புக் காகிதப் பட்டையில். பிடிக்காதவர் உருவிப் போட்டுவிடலாம். டெமி நூலுக்குப் பட்டையின் நீளம்: இரண்டு அட்டையும் சேர்ந்து 280 மி.மீ., முதுகு 14, உள்மடிப்பு இரு புறமும் 60 வீதம், மொத்தம் 414. ஏ3 தாளின் நீளம் 420, அடங்கிவிடும். 50 மி.மீ. உயரத்தில் தாளுக்கு ஐந்து பட்டை. 300 பிரதிக்கு 60 தாள். மெல்லிய தாள் வேண்டாம், மேசையில் ஒரே நாளில் கிழியும்.
அதில் புகழும் வேண்டாம். நன்னூல் சொன்ன "கேட்போர்" மட்டும் போடுங்க: "மந்திரம் உண்டு, விண்கலம் இல்லை. பதினாலு வயதுக்கு மேல். மூன்றில் முதல் பாகம். கதை இதில் முடியாது."

ஃபாரம்16:
"கதை இதில் முடியாது" என்று அடிக்க எந்தப் பதிப்பாளர் ஒப்புக்கொள்வார்?

உப்பனாறு:
அடிக்காவிட்டால் 240ஆம் பக்கத்தில் வாசகனே கண்டுபிடிப்பான். பட்டை நல்ல யோசனை, ஆனால் கீழே ஒரு பெயர் போடுங்க. யார் சொன்னது என்றே தெரியாத வாக்கை எவன் நம்புவான்?