கிறிஸ்டோபால் அன்னைக்குப் பேசினது பொறுப்பேற்பா, நழுவலா?

நாலாவது_டவுன்: "தோத்த பிறகு எப்படிப் பேசணும்னு மயாமி பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் கோச் மரியோ கிறிஸ்டோபால்கிட்ட கத்துக்கணும்"னு ஆரஞ்சுப்பச்சை நேத்து எழுதினதைப் படிச்சு எரிச்சல் அடங்கல. 2023 அக்டோபர் 7, ஜார்ஜியா டெக் ஆட்டம். மயாமி 20-17 முன்னிலை. மூணாவது டவுன் (பந்தை முன்னேத்தக் கிடைக்கிற நாலு முயற்சியில மூணாவது), கடிகாரத்துல 40 விநாடிக்கும் கம்மி, கடிகாரத்தை நிறுத்த டெக்கிட்ட டைம்அவுட் ஒண்ணுகூட இல்ல. அடுத்த முயற்சியைத் தொடங்கக் கிடைக்கிற நேரம், அதான் பிளே கிளாக், அதுவே 40 விநாடி. பந்தை முதல்ல வாங்குற குவார்ட்டர்பேக் ஓடாம ஒரு தடவை முட்டி போட்டா, கடிகாரம் ஓடியே ஆட்டம் முடிஞ்சது. ஓட விட்டாங்க, பந்து நழுவி டெக் கைக்குப் போச்சு. டெக் ரெண்டே பாஸ்ல 74 யார்டு போய், 1 விநாடி மிச்சம் இருக்கும்போது டச்டவுன். 23-20. பேட்டியில முட்டி போட்டிருக்கணும், நான் தலையிட்டிருக்கணும்னார். சரி. அதோட நிறுத்தினாரா? ரெண்டு கையால பந்தைப் பிடிக்கிறது போதாதுன்னும் சேத்துக்கிட்டார். அது யாரோட கை? ஓடின பையனோட கை!

ஆரஞ்சுப்பச்சை: ஐயா, முழுசாக் கேட்டுட்டுப் பேசுங்க. ரெண்டு கையால பிடின்னு சொல்லி அனுப்பினது பத்தாது, முட்டி போடவே சொல்லியிருக்கணும்னுதான் அதுக்கு அர்த்தம். அடுத்த மூச்சுலயே சாக்கு சொல்ல மாட்டேன்னும் சொன்னார்.

நாலாவது_டவுன்: அதுக்கும் அடுத்த மூச்சுல, அவன் ஃபம்பிள் பண்ணான், அதாவது பந்தை நழுவ விட்டான்னு சொன்னாரே, அது உங்க காதுல விழலையா? லாக்கர் ரூமுக்கும் பேட்டி மேடைக்கும் நடுவுல 10 நிமிஷம்போல கிடைக்கும். அதுக்குள்ள கோச் கையில புள்ளிவிவரத் தாள் வந்துடும். என்ன கேள்வி வரும்னு மீடியா ஆளு காதுல போட்டுடுவார். முதல் வாக்கியம் தன்னோட முடிவைப் பத்தி. ஆட்டக்காரன் பேச்சே கூடாது. அப்புறம் வாயை மூடணும். விளக்கத்தை நீட்டினா, ரெண்டாவது வாக்கியத்துல ஒரு 20 வயசுப் பையன் மாட்டுவான். இங்க அதான் நடந்துச்சு.

டெத்வேலி: எதிராளியைத் தடுக்கிற பிளாக்கிங்ல யார் கோட்டை விட்டாங்கன்னு கேட்டா, வீடியோ பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்றது நியாயம். பக்கவாட்டுல நிக்கிறவருக்கு அது தெரியாது. ஆனா கடிகாரக் கணக்குக்கு வீடியோ தேவையில்ல. கிறிஸ்டோபாலும் வீடியோ பின்னாடி ஒளியலையே. எங்க கிளெம்சன் கோச் டேபோ ஸ்வின்னியைப் பாருங்க. 2023-ல என்சி ஸ்டேட்கிட்ட 24-17 தோத்து, நாலு வெற்றி நாலு தோல்வின்னு ஆனப்போ, ரேடியோவுல ஒரு ரசிகர் சம்பளத்தை இழுத்துக் கேட்டார். ஸ்வின்னி அந்த ரசிகரை அஞ்சு நிமிஷம்போல விடாம வாங்கு வாங்குன்னு வாங்கினார். அதுக்கப்புறம் அஞ்சு ஆட்டமும் ஜெயிச்சோம்.

கொலம்பஸ்காரன்: ஒரு ரசிகரைத் திட்டினதால அடுத்த ஆட்டத்துல உங்ககிட்ட நோட்டர் டாம் தோத்துச்சா? ஜெயிச்சது உங்க டிஃபென்ஸ் தம்பி, உங்க கோச்சோட வாய் இல்ல.

டெத்வேலி: வாயைப் பத்தி நீங்க பேசறீங்களா! 2024 நவம்பர் 30, உங்க ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மிச்சிகன்கிட்ட 13-10 தோல்வி. உங்க கோச் ரயன் டேகிட்ட ஆட்டம் முடிஞ்சதும் நடந்த கைகலப்பைப் பத்திக் கேட்டா, விவரம் எல்லாம் தெரியாது, எங்க மைதானத்துல அவங்க கொடி நடப் பாத்தாங்க, எங்க பசங்க விடலன்னார். ரெண்டு பல்கலைக்கழகத்துக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம் வந்துச்சு. விவரம் தெரியலன்னா அங்கேயே நிறுத்தணும்.

கொலம்பஸ்காரன்: அதே சீசன்ல, 2025 ஜனவரி 20, 34-23, எங்களுக்குத் தேசியக் கோப்பை. வேற ஏதாச்சும் கேக்கணுமா?

நாலாவது_டவுன்: கோப்பை வாங்கினா பேட்டி சரியாயிடுமா? 13-10 தோல்வியில ஓடி எடுத்தது மொத்தமே 77 யார்டு. நடுவுலயே ஏன் திரும்பத் திரும்ப ஓட விட்டீங்கன்னுதான் அவர் பதில் சொல்லியிருக்கணும். அது கிடக்கட்டும். ஆரஞ்சுப்பச்சை, ரெண்டு கைக்குப் பதில் வரல.

ஆரஞ்சுப்பச்சை: பதில் சொல்லியாச்சு. உங்களுக்குப் பிடிக்கலன்னா நான் என்ன செய்ய? எல்எஸ்யு கோச்சா இருந்த பிரையன் கெல்லி மாதிரி மேசையைக் குத்தினாரா? லாஸ் வேகஸ்ல யுஎஸ்சிகிட்ட 27-20 தோத்ததும் அவர் போட்ட கூச்சல்ல திட்டு ஆட்டக்காரங்க ஒழுங்கு மேலயும் விழுந்துச்சு. அதைக் கேக்க உங்களுக்கு வாய் வராது. கிறிஸ்டோபால்னா மட்டும் பழைய கடுப்பு.

நாலாவது_டவுன்: பழசுன்னா பழசு. 2018, ஓரிகான், ஸ்டான்ஃபோர்டுகிட்ட 38-31 ஓவர்டைம் தோல்வி. அப்பவும் இவர்தான் கோச், அப்பவும் கடைசி நிமிஷத்துல ஓட விட்டு ஃபம்பிள். ரெண்டாவது தடவையும் அதே தப்பு. அப்போ ரெண்டு கையைப் பத்திப் பேச அவருக்கு என்ன உரிமை?

ஆரஞ்சுப்பச்சை: ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. 2018-ல கடிகாரம் 40 விநாடிக்கு மேல இருந்துச்சு, ஒரு முட்டியோட முடிஞ்சிருக்காது. இந்தக் கணக்கே தெரியாமலா எங்களுக்குப் பாடம் எடுக்கறீங்க?

நாலாவது_டவுன்: நான் ஒரு முட்டின்னு சொன்னது 2023-க்கு. திரும்பப் படிங்க. 2018-ல ரெண்டு முட்டி போட்டு, பந்தைத் தூர உதைச்சுப் பன்ட் அடிச்சிருந்தா, ஸ்டான்ஃபோர்டுக்கு என்ன நேரம் மிஞ்சியிருக்கும்? கணக்குப் போட்டுக் காட்டுங்க.

டெத்வேலி: பன்ட் தடுக்கப்பட்டா? உதைக்கிறவனுக்குப் பின்னாடி அனுப்புற ஸ்னாப் தலைக்கு மேல போனா?

நாலாவது_டவுன்: அதையும் பேசுவோம். முதல்ல அவர் ரெண்டு கைக்குப் பதில் சொல்லட்டும்.

ஆரஞ்சுப்பச்சை: சொல்லியாச்சு, மேலேயே இருக்கு.