இந்த இன்ஸ்டாலரைத் திறக்கலாமா?

வணக்கம். பினாங்கு, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். அப்பாவின் மடிக்கணினியில் பிரிண்டர் டிரைவர் தேடியபோது ‘செட்டப்’ என்று ஒரு கோப்பு இறங்கியிருக்கிறது. 4 எம்பிதான். நல்லவேளை, அவர் இன்னும் திறக்கவில்லை.

ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தேன். யார் வெளியிட்டது என்று காட்டும் டிஜிட்டல் சிக்னேச்சர் என்ற பகுதியே இல்லை. பல வைரஸ் ஸ்கேனர்களால் கோப்பைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் 3 ஸ்கேனர்கள் மட்டும் சிவப்பு காட்டுகின்றன, மற்றவை பச்சை. அந்த மூன்றையும் தவறான எச்சரிக்கை என்று விட்டுவிடலாமா? எனக்கு மனசு வரவில்லை. கணினியின் மற்ற பகுதிகளைத் தொடாமல் தனியாக ஓட்ட உதவும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸில் ஓட்டிப் பார்க்கலாம் என்றால், இதிலுள்ள விண்டோஸ் ஹோம் பதிப்பில் அது கிடையாது.

கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 ஹாஷ் எடுத்து வைத்திருக்கிறேன், 64 எழுத்து. அதை எதோடு ஒப்பிடுவது? அப்பா இதே கணினியில்தான் வங்கிக் கணக்கும் பார்க்கிறார். அழித்துவிட்டால் மட்டும் போதுமா, அப்புறம் வேறு ஏதாவது சோதிக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.