மறுமொழி: வெயில்வாலையா, ஞாயிற்று வடிகலமா?

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

ஒன்பதாந் தர மாணவர்கள் செய்த, வெயிலால் கடல்நீரிலிருந்து நன்னீர் பெறும் கருவிக்குத் (solar still) தமிழ்ப் பெயர் கேட்டு நான் எழுதி ஆறு நாட்களாகிவிட்டன. வெள்ளிக்கிழமை கண்காட்சி, விளக்க அட்டையில் தலைப்புக்கு விட்ட இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. கருவி ஆயத்தம்: உள்ளே கறுப்பு வர்ணம் பூசிய தட்டம், மேலே சாய்த்து மூடிய கண்ணாடி, அதன் கீழ் விளிம்பில் நீளவாக்கில் பிளந்த குழாய். கடல்நீர் வெயிலில் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் மீண்டும் நீராக ஒடுங்கி, குழாய் வழியே போத்தலில் சேர, லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராமாக இருந்த உப்பு தட்டத்திலேயே தங்கிவிடுகிறது.

பேராதனைப் பொறியியலாளர் ஐயா முன்வைத்த ‘ஞாயிற்று வடிகலம்’ நம் பாடநூல்களின் ‘ஞாயிற்றுத் தொகுதி’யோடு இசைந்து வருகிறது, வடிகலம் வினைத்தொகையாதலால் சுருக்கமும் உண்டு. அது சாராயம் வடிக்கும் திக்கம் வடிசாலையை நினைவூட்டுமே என்று ஒருவர் தயங்கியதை நான் குறையாகக் கொள்ளவில்லை. அங்கும் ஆவியாதலும் ஒடுங்கலுமே நிகழ்கின்றன. என் தடை வேறு. நம் வீடுகளில் வடித்தல் என்றால் சோறு வடித்தல்: கஞ்சி இறங்கும், சோறு நிற்கும். அச்சொல்லைக் கேட்டதும் மாணவி ஒருத்தி, உப்பை மறிக்கும் துளைகள் கருவியில் எங்கே இருக்கின்றன என்று கேட்டாள். ‘காய்ச்சி வடித்தல்’ என முழுமையாகச் சொன்னால் அக்குழப்பம் நீங்கும். ஆனால் இங்கே எதுவும் காய்ச்சப்படுவதில்லை. நீர் கொதிநிலைக்கு வெகு கீழேயே ஆவியாகும் என்பதைக் காட்டத்தானே இதைச் செய்யத் தொடங்கினோம்?

தஞ்சாவூர் நண்பரின் ‘உப்பகற்றி’ இலக்கணத்தில் பழுதற்றது. ஆயினும் இக்கருவி நீரிலிருந்து உப்பை எடுப்பதில்லை, உப்பிலிருந்து நீரை எடுக்கிறது. கடல்நீரை மென்சவ்வினூடே அழுத்தித் தள்ளும் தாளையடி நன்னீராக்கும் நிலையத்துக்கும் அப்பெயர் பொருந்துமாதலால், நம் கருவியைப் பிரித்துக் காட்டவும் அது உதவாது.

ஆகவே ‘வாலை’ என்ற சொல்லை மீண்டும் பரிந்துரைக்கிறேன். சித்த வைத்தியர்கள் ஆவியை ஒடுக்கி ஓமத் தீநீர் இறக்கும் கலத்துக்கு அப்பெயர் ஏற்கெனவே உண்டு. நாம் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. வால் என்றால் தூய்மை, வள்ளுவரின் வாலறிவனைப் பாருங்கள் என்று வட்டுக்கோட்டைப் புலவர் ஐயா எழுதியதும், இல்லை, வாலைப்போல நீண்ட குழாயால் வந்த பெயர் என்று வேறொருவர் மறுத்ததும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. எது சரியானாலும் சொல் நமக்கு உதவும். வெயிலால் இயங்கும் வாலை வெயில்வாலை. மூன்றாம் வேற்றுமைத் தொகை.

வாலை என்றால் இளம்பெண், அம்மன் என்றுதான் பிள்ளைகள் அறிவர் என்பது அம்மா ஒருவரின் கவலை. ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் கருவிக்குரிய ஒடுக்கி என்ற சொல்லையும் ஆய்வுகூடத்தில் இலீபிக்கின் ஒடுக்கியைப் பார்த்த பிறகுதான் அறிந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிசனரி மருத்துவரான கிறீன் வைத்தியர் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த மண்ணில், ஒரு சொல்லைப் பிள்ளைகள் கற்கமாட்டார்கள் என்று நாமே முடிவு செய்ய வேண்டாம். சிறுவர் கருவிக்கு இத்தனை விவாதம் ஏன் என்றவருக்கும் ஒரு சொல்: 1872இல் சிலி நாட்டின் லாஸ் சலினாசில் சுரங்கத்துக் கோவேறு கழுதைகளுக்குக் குடிநீர் கொடுத்ததும் இதே வகைக் கருவிதான்.

ஓர் எதிர்ப்புக்கு மட்டும் என்னிடம் மறுமொழி இல்லை. மப்பு நாளிலும் போத்தலில் சிறிது நீர் சேர்கிறதே, அப்போது வெயில் எங்கே என்று பொறியியலாளர் ஐயா கேட்டிருக்கிறார். அது நியாயமான கேள்வி. அவருடைய மாற்றுக்கருத்து பதிவிலேயே நிற்கட்டும்.

இதுவரை நால்வர் வெயில்வாலைக்கும் மூவர் வடிகலத்துக்கும் இசைந்துள்ளனர். அட்டையில் வெயில்வாலை என்றெழுதி, அடியில் ‘சூரிய வெப்பத்தால் கடல்நீரிலிருந்து நன்னீர் பெறும் கருவி’ என்று சேர்க்கிறேன். போத்தலில் சேரும் நீரை ‘வாலைநீர்’ எனலாமா, ‘ஒடுங்கல்நீர்’ எனலாமா என்பதை வியாழன் மாலைக்குள் தெரிவித்தால் அச்சீட்டையும் ஒட்டிவிடுவேன்.