பிக்கோ எஸ்டிகேயை டெபியன் பொதியாக்குதல்: கையால் பில்ட் ஆகிறது, பொதியாக்கினால் விழுகிறது

இறைப்புமெசின்:

வணக்கம். மூன்று இரவு மினக்கெட்டும் விளங்காத ஒன்று, யாராவது கை கொடுங்கள்.

கொக்குவிலில் பதினொரு பிள்ளைகளுக்கு ராஸ்பெரி பை பிக்கோ மைக்ரோகன்ட்ரோலர் போர்ட் வைத்துச் சின்னதாக ஒரு வகுப்பு நடத்துகிறேன். வெங்காயப் பாத்தியின் ஈரம் பார்த்து இறைப்பு மெசினை நிற்பாட்டுவதுதான் இந்தத் தவணை வேலை. லப்டொப் எல்லாம் பழசு, எல்லாவற்றிலும் டெபியன் 13 லினக்ஸ். இணையத்துக்கு ஒரே ஒரு சிம் ரவுட்டர். பதினொரு பேரும் எஸ்டிகேயை (பிக்கோவுக்கு நிரல் எழுதுவதற்கான தொகுப்பு) அதன் துணைக் களஞ்சியங்களோடு கிட் களஞ்சியத்தில் இருந்து இறக்கினால் மாத டேட்டா அன்றைக்கே முடிந்துவிடும். ஒரு டெப் பொதி (டெபியனில் நிறுவுகிற கோப்பு) செய்தால் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடலாம் என்று பார்த்தேன். வடிவாக வந்தால் டெபியனுக்கே அனுப்பவும் ஆசை.

எஸ்டிகே 2ஆம் வரிசை. கையால் சிமேக் (தொகுப்பு வேலையை ஒழுங்குபடுத்துகிற கருவி) ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. பொதி கட்டுகிற டிபிகேஜி-பில்ட்பக்கேஜ் கட்டளையைக் கொடுத்தால் முதல் நிமிடத்திலேயே ‘சி கொம்பைலரால் ஒரு சின்னச் சோதனை நிரலைக்கூடத் தொகுக்க முடியவில்லை’ என்று விழுகிறது. அதே கொம்பைலர், அதே லப்டொப்!

புழுக்கொடியல்:

ஆர்ம் கொம்பைலரை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எனக்கு ஒருக்கால் அப்படித்தான் சரிவந்தது.

இறைப்புமெசின்:

போட்டேன். டேட்டா போனதுதான் மிச்சம்.

ஒழுங்கைமுடக்கு:

அண்ணை, அந்தச் செய்திக்கு நாலைந்து வரி மேலே உண்மையான பிழை இருக்கும். அதைப் போடுங்கள். பொதியை எப்படிக் கட்டுவது என்று சொல்கிற ரூல்ஸ் கோப்பில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

இறைப்புமெசின்:

ரூல்ஸில் மூன்றே வரி, எல்லாம் டிஎச் என்ற உதவி நிரல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். மேலே பார்த்தால் ‘எஃப்சிஎஃப்-ப்ரொடெக்‌ஷன் இந்த இலக்குக்கு இல்லை’ என்று ஒரு வரி. நான் அப்படி ஒன்றும் எழுதவே இல்லையே. டெபியன் 12இல் இருந்தபோது இதைக் கண்டதும் இல்லை.

ஒழுங்கைமுடக்கு:

நீங்கள் எழுதவில்லை, டிபிகேஜி எழுதியது. டெபியன் பொதிகள் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு ஃபிளாக்குகள் (கொம்பைலருக்குக் கொடுக்கிற விருப்பங்கள்) தானாகப் போகும். 2023இல் வந்த டிபிகேஜி 1.22இல் இருந்து ஏஎம்டி64 கணினிகளில் இந்த ஃபிளாக்கும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது. 12இல் இருந்தது அதற்கு முந்திய 1.21, அதனால் தப்பினீர்கள். டிஎச் அவற்றைச் சிஃபிளாக்ஸ் என்ற சூழல் மாறியில் வைக்கும், சிமேக் அதை எடுத்து எந்தக் கொம்பைலர் என்று பாராமல் கொடுக்கும். இது இன்டெல் வகைச் சிப்புக்கான பாதுகாப்பு. பிக்கோவில் இருப்பது ஆர்ம் வகையான கோர்டெக்ஸ் எம்0-ப்ளஸ். வீட்டுக் கதவின் பூட்டைக் கொண்டுபோய்ச் சைக்கிளில் மாட்டுகிற கதை.

ரூல்ஸில் கன்ஃபிகர் படிக்கு முன்னால் சிஃபிளாக்ஸ், சிஎக்ஸ்எக்ஸ்ஃபிளாக்ஸ், எல்டிஃபிளாக்ஸ் மூன்றையும் வெறுமையாக்குங்கள். போய்விடும்.

இறைப்புமெசின்:

அந்தப் பிழை போய்விட்டது, பெரிய உபகாரம். ஆனால் அடுத்த பேய் வந்துவிட்டது. ‘பிக்கோடூல் நிறுவப்படவில்லை, மூலத்தில் இருந்து கட்டுகிறேன்’ என்கிறது, உடனே கிட்டைத் தேடுகிறது. பொதியைத் தனியாக அடைத்துக் கட்டுகிற எஸ்பில்ட் பெட்டிக்குள் இணையம் இல்லையாம், விழுகிறது. பெட்டிக்கு இணையம் திறந்துவிட ஏதும் வழி?

கிணற்றுத்துலா:

தம்பி, திறக்கவேண்டாம். பில்ட் நேரத்தில் பொதி வெளியே போகக்கூடாது என்பது டெபியனின் மெயின் என்ற முதன்மைப் பகுதிக்குக் கட்டாய விதி. உங்கள் சொந்தப் பொதியென்றாலும் இன்றைக்கு ஓடியது நாளைக்கு ஓடாது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கவேண்டாம். எஸ்டிகேயை எதற்குத் தொகுக்கிறீர்கள்?

இறைப்புமெசின்:

பொதி என்றால் தொகுக்கத்தானே வேணும் அண்ணை?

கிணற்றுத்துலா:

அதுதான் இல்லை. எஸ்டிகேயில் இருப்பது சி மூலமும் சிமேக் கோப்புகளும். பிள்ளை தன் நிரலைத் தொகுக்கும்போது, எஸ்டிகேயில் வேண்டிய துண்டுகளும் அந்த நிரலோடு சேர்ந்து, அந்தப் போர்டுக்கு ஏற்றபடி தொகுபடும். முன்கூட்டியே தொகுத்து வைக்க அதில் ஒரு லைப்ரரியும் இல்லை. நீங்கள் செய்யவேண்டியது அந்தக் கோப்புகளை யூஎஸ்ஆர்-ஷெயரில் ஒரு அடைவுக்குள் கொண்டுபோய் வைப்பது, அவ்வளவுதான். மேலே ஒரு சிமேக் கோப்பைக் கண்டதும் டிஎச் தானாகவே பில்டைத் தொடங்கிவிட்டது. நீங்கள் மூன்று இரவும் அதற்குப் பின்னால் ஓடியிருக்கிறீர்கள்.

லப்டொப்பில் ஓடுகிற சாமான் இரண்டுதான்: பயோஆஸம் (பிக்கோவின் பிஐஓ நிரல்களைத் தொகுப்பது), பிக்கோடூல் (தொகுத்த நிரலைப் போர்டில் ஏற்றுகிற வடிவுக்கு மாற்றுவது). பயோஆஸம் எஸ்டிகேயின் டூல்ஸ் அடைவுக்குள்ளேயே இருக்கிறது. ரூல்ஸில் டிஎச் வரியோடு சோர்ஸ்-டைரக்டரி என்று அந்த அடைவைக் காட்டுங்கள், அதை மட்டும் கட்டும். பதிப்பு எண்ணை சிமேக்குக்குக் கையால் கொடுத்துவிடுங்கள். இங்கே பாதுகாப்பு ஃபிளாக்கை அணைக்கக்கூடாது, இது லப்டொப்பில் ஓடுகிற நிரல்.

பிக்கோடூல் தனிக் களஞ்சியம், ஆகவே தனிப் பொதி. அதைக் கட்ட எஸ்டிகே வேண்டும், எஸ்டிகேயைக் கட்டப் போனால் பிக்கோடூல் வேண்டும். மரம் முந்தியா விதை முந்தியா என்று நிற்பீர்கள். எஸ்டிகேயைக் கட்டாமல் மூலமாகவே வைத்தால் அந்த முடிச்சே இல்லை: முதலில் எஸ்டிகே பொதி, பிறகு அதை பில்ட்-டிபென்ட்ஸில் (கட்டும்போது தேவையானவற்றின் பட்டியல்) போட்டு பிக்கோடூல். இரண்டும் ஒரே பதிப்பு வரிசையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் எஸ்டிகே அதை ஏற்காது.

கன்ட்ரோல் கோப்பில் எஸ்டிகேக்கு ஆர்க்கிடெக்சர் ‘ஆல்’ (எல்லா வகைக் கணினிக்கும் ஒரே பொதி), டூல் இரண்டுக்கும் ‘எனி’ (ஒவ்வொரு வகைக்கும் தனியாகக் கட்டுவது).

ஒழுங்கைமுடக்கு:

ஐயோ, நான் ஃபிளாக்கைப் பார்த்தேனே தவிர இதைக் கேட்கவில்லை. அண்ணை சொன்னதுதான் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: டிபென்ட்ஸில் ஆர்ம் ஜிசிசி கொம்பைலரையும் நியூலிப் என்ற சி நூலகத்தையும் எல்லாரும் போடுவார்கள், நியூலிப்புக்கான சி-ப்ளஸ்-ப்ளஸ் நிலைநூலகத்தை மறந்துவிடுவார்கள். அது வேறு பொதி. அப்புறம், மாதிரிக்கென்று போர்டுக்காகத் தொகுத்த பிளிங்க் (விளக்கை மினுக்குகிற நிரல்) எல்ஃப் கோப்பை டூல் பொதிக்குள் வைத்துவிடாதீர்கள். டிஎச்-ஸ்ட்ரிப் அதை லப்டொப் நிரல் என்று நினைத்துத் தோலுரிக்கப் போய், இந்தக் கோப்பின் வகையே தெரியவில்லை என்று நிற்கும்.

இறைப்புமெசின்:

நேற்று இரவு கரண்ட் வந்தபிறகு இருந்து முடித்தேன். மூன்று பொதியும் எஸ்பில்டில் இணையம் இல்லாமலே வந்துவிட்டன. பென்டிரைவில் கொண்டுபோய் இரண்டு லப்டொப்பில் போட்டேன், பிளிங்க் ஓடுகிறது.

ஆனால் ஈரப்பத எண்ணை யூஎஸ்பி வழியாக அச்சிட்டால் ஒன்றும் வருவதில்லை. லப்டொப்பில் சீரியல் போர்ட்டே தோன்றவில்லை. கிட்டில் இறக்கிய பழைய எஸ்டிகேயில் இதே நிரல் வேலை செய்தது.

புழுக்கொடியல்:

எஸ்டிகேயின் லிப் அடைவுக்குள் டைனியூஎஸ்பி என்ற யூஎஸ்பி நூலகம் இருக்கிறதா பாருங்கள். வெறுமையாக இருக்கும். (இந்த முறை சும்மா சொல்லவில்லை, நானே பட்டது.)

இறைப்புமெசின்:

வெறும் அடைவு! சிமேக் ஓடும்போது ‘யூஎஸ்பி ஆதரவு கிடைக்காது’ என்று எச்சரித்தும் இருக்கிறது, ஓடுகிற வரிகளில் கவனிக்கவில்லை.

கிணற்றுத்துலா:

கிட்ஹப் தானாகச் செய்து தருகிற டார் கோப்பில் துணைக் களஞ்சியங்கள் வராது. எஸ்டிகே சுட்டுகிற அதே கமிட்டில் (பதிப்புப் புள்ளியில்) டைனியூஎஸ்பியை எடுத்து இரண்டாவது மூல டாராக வையுங்கள். 3.0 குவில்ட் என்ற மூலப்பொதி வடிவத்தில் ஒரு பொதிக்குப் பல மூல டார் வைக்கலாம். அது மேல்மட்டத்தில் டைனியூஎஸ்பி என்ற அடைவாக விரியும், லிப்புக்குள் போகாது. இன்ஸ்டால் படியில் நீங்கள்தான் அதை லிப்புக்குள் கொண்டுபோய் வைக்கவேண்டும்.

டெபியனுக்கு அனுப்புகிற ஆசை இருந்தால் இதையும் கேளுங்கள். வைஃபை உள்ள பிக்கோ டபிள்யூவுக்கான சிஒய்டபிள்யூ43 டிரைவரும், புளூடூத்துக்கான பிடிஸ்டாக்கும் மற்றத் துணைக் களஞ்சியங்களைப் போல இல்லை. எஸ்டிகே பிஎஸ்டி உரிமம். இவை இரண்டும் வணிகத்துக்கு இல்லை என்று சொல்லி, ராஸ்பெரி பையின் சாதனங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிற உரிமம். இன்ன வேலைக்குத்தான், இன்னாருடைய சாதனத்துக்குத்தான் என்கிற மென்பொருளை டெபியன் கட்டற்றதாக எடுக்காது, மெயினுக்குள் விடாது. ஆகவே அவை இல்லாமல் அனுப்புங்கள். கொப்பிரைட் கோப்பை ஒவ்வொரு அடைவாகப் பார்த்து எழுதுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பொதி திரும்பி வருவது பெரும்பாலும் அதனால்தான்.

இறைப்புமெசின்:

ஓம் அண்ணை, இரண்டையும் எடுத்துவிட்டேன். பிள்ளைகளிடம் இருப்பது வைஃபை இல்லாத போர்ட்தான், காணும். டைனியூஎஸ்பி வைத்ததும் சீரியல் போர்ட் வந்துவிட்டது. காய்ந்த செம்மண்ணுக்கு ஒரு எண், ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினால் வேறு எண்.

இன்றைக்கு பதினொன்றிலும் போட்டாகிவிட்டது. ஒரு லப்டொப்பில் மட்டும் போர்டின் பூட்செல் பட்டனை அமத்திக்கொண்டு மாட்டியும் போர்ட் டிரைவாகத் தோன்றவில்லை. பொதியில்தான் பிழை என்று ஒரு மணித்தியாலம் தேடினேன். பிள்ளை கொண்டுவந்தது ஃபோன் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வயர்.