யூரெயில் பாஸ் வாங்கும் முன்: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு மூன்று வார ரயில், பஸ் பயணக் கணக்கு

ஜெர்மனிக்கு வந்து முதல் வருடம் முடியும் சமயத்தில் பெரும்பாலானவர்களுக்கு இந்த யோசனை வந்துவிடுகிறது. லீவு சேர்ந்திருக்கிறது, விமான டிக்கெட் விலையைப் பார்த்தால் இந்த முறை ஊருக்குப் போக மனம் வரவில்லை, சரி ஐரோப்பாவையே சுற்றிவிடலாம். அடுத்து வரும் கேள்வி, "பல நாட்டு ரயில்களில் ஒரே டிக்கெட்டாகச் செல்லும் யூரெயில் பாஸ் வாங்கலாமா?"

உங்களால் வாங்க முடியாது. யூரெயில் ஐரோப்பாவுக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு மட்டும். பாஸ்போர்ட் இந்தியாவுடையதாக இருந்தாலும் இலங்கையுடையதாக இருந்தாலும், குடியிருப்பது ஜெர்மனியில் என்றால் உங்களுக்கானது அதே மாதிரியான இன்டர்ரெயில் பாஸ். ஊரிலிருந்து உங்களைப் பார்க்க வந்திருக்கும் அம்மா அப்பாவுக்குத்தான் யூரெயில். ஒரே ரயிலில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போனாலும் பாஸ் வேறு வேறு. இன்டர்ரெயிலில் இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. குடியிருக்கும் நாட்டுக்குள் அது இரண்டு பயணத்துக்குத்தான் செல்லும்: வெளியே போக ஒன்று, திரும்பி வர ஒன்று. ஹாம்பர்க், பெர்லின், டிரெஸ்டன் எல்லாம் பார்த்துவிட்டுப் பிறகு பிராக் போகலாம் என்ற திட்டத்துக்கு அது ஒத்துவராது.

என்னைக் கேட்டால், எந்த பாஸாக இருந்தாலும் அதைக் கடைசியில் யோசியுங்கள். முதலில் ஊர்களை முடிவு செய்யுங்கள், அதிலும் பாதியை அடித்துவிடுங்கள். மூன்று வாரத்தில் பன்னிரண்டு ஊர் என்று எழுதி வைத்திருக்கும் அட்டவணைகளை அடிக்கடி பார்க்கிறேன். பணம் கரைவது அங்கேதான். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் டிக்கெட்டோடு செலவு நிற்காது. அறை தயாராகும் வரை லாக்கர் வாடகை, புதிய ஊரின் மெட்ரோ டிக்கெட், சமைக்க முடியாத நாளில் ஸ்டேஷன் சாண்ட்விச், ஸ்டேஷன் கழிப்பறைக்கு ஆளுக்கு ஒரு யூரோ எல்லாம் கூட வரும். (ரயிலில் கழிப்பறை இலவசம். இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே எழுந்துவிடுங்கள்.) நான்கு நாளுக்குக் குறையாமல் தங்கும் ஊர்கள் நான்கைந்து போதும். மற்ற இடங்களை அங்கிருந்து காலையில் போய் இரவு திரும்பும்படி வைத்துக்கொள்ளலாம். அறை வாடகையும் நாள் கூடினால் குறையும்.

தெற்கு ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் சுற்று இது: மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா, புடாபெஸ்ட், லியுப்லியானா, டிரியஸ்ட், வெனிஸ், பொலோன்யா, வெரோனா, மியூனிக். வந்த வழியே திரும்பத் தேவையில்லை, விமானமும் தேவையில்லை. வியன்னா, புடாபெஸ்ட், லியுப்லியானா, பொலோன்யா நான்கிலும் தங்கல். மற்றவை போகிற வழியில்.

மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் வரை, ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாத டிக்கெட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட்டே போதும். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. பிராந்திய ரயில்களில் மட்டும்தான் செல்லும், ஐசிஇ, ஐசி போன்ற நீண்ட தூர ரயிலில் ஏறக் கூடாது. ஆனால் எல்லை தாண்டிய சில ஸ்டேஷன்கள் வரை செல்லும், சால்ஸ்பர்க் அதில் ஒன்று. வேலைக்குப் போக எப்படியும் அந்த டிக்கெட் வைத்திருப்பீர்கள், அதனால் முதல் கட்டம் செலவில்லாமல் முடிகிறது. அது மாதச் சந்தா என்பதால் பயண மாதத்துக்கு வேண்டாம் என்றால் முந்தைய மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிடுங்கள்.

சால்ஸ்பர்கிலிருந்து வியன்னா இரண்டரை மணி நேரம். ஆஸ்திரிய அரசு ரயிலான ஓபிபியும் தனியார் வெஸ்ட்பானும் ஒரே பாதையில் போட்டி போடுவதால் முன்கூட்டி எடுத்தால் விலை நன்றாகக் குறையும். வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள். வியன்னாவில் இருக்கும்போது பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரப் பயணம், காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம். வியன்னா அரசு ஓபராவில் நின்று பார்க்கும் டிக்கெட் மலிவு என்று கேள்விப்பட்டு ஆசையாகப் போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் அங்கே நிகழ்ச்சி கிடையாது.

ஹங்கேரியில் யூரோ இல்லை, ஃபோரின்ட். கார்டு எங்கும் செல்லும். மெஷின் "யூரோவில் கழிக்கட்டுமா, ஃபோரின்டிலா" என்று கேட்டால் ஃபோரின்டையே அழுத்துங்கள், இல்லாவிட்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதம்தான். சுற்றுலா பஸ் எதற்கும் காசு கொடுக்க வேண்டாம். புடாபெஸ்டின் 2ஆம் நம்பர் டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் டான்யூப் கரை முழுக்கக் காட்டிவிடும், நாடாளுமன்றம் உட்பட.

புடாபெஸ்டிலிருந்து லியுப்லியானாவுக்கு ரயிலைத் தேடினால் ஏறக்குறைய எட்டு மணி நேரம் காட்டும். பஸ் ஏறக்குறைய ஆறு மணி நேரம், விலையும் குறைவு. "எல்லாம் ரயில்தான்" என்ற பிடிவாதத்தை இங்கே விட்டுவிடலாம். லியுப்லியானாவிலிருந்து டிரியஸ்டுக்கும் பஸ்தான் சுலபம். டிரியஸ்டில் பஸ் நிலையமும் ரயில் ஸ்டேஷனும் ஒரே சதுக்கத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடம். இறங்கிப் பெட்டியை உருட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் வெனிஸ் போகும் பிராந்திய ரயில் நிற்கும். அந்த டிக்கெட் 15 யூரோ அளவில், ஒரு மாதம் முன்பு எடுத்தாலும் அன்றைக்கு எடுத்தாலும் அதே விலை. இத்தாலியில் பிராந்திய ரயில் எல்லாமே இப்படித்தான். காகித டிக்கெட்டாக எடுத்தால் ஏறும் முன் பிளாட்பாரத்தில் இருக்கும் மெஷினில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்.

வெனிஸில் அறை எடுக்காமல், தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயில் எடுப்பவர்கள் உண்டு. அங்கிருந்து தீவுக்குள் ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். என் விருப்பம் அதுவும் இல்லை, பொலோன்யாவிலேயே தங்கி வெனிஸுக்கு ஒரு நாள் போய் வரலாம். பொலோன்யாவிலிருந்து வெனிஸ், பிளாரன்ஸ், ராவென்னா, ஃபெராரா எதையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். ஆகஸ்ட்டில் இத்தாலி வெயில் நம் கத்திரி வெயிலுக்குச் சளைத்ததல்ல. பொலோன்யா தெருக்கள் முழுக்க இருபுறமும் தூண் வைத்த நிழல் தாழ்வாரங்கள், மொத்தம் 62 கிலோமீட்டர், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போகிறவர்களுக்கு அந்த நிழல் பெரிய உதவி. ஆகஸ்ட் 15 அங்கே பெரிய விடுமுறை. அதையொட்டிச் சின்னக் கடைகள் பூட்டியிருக்கும், ரயிலில் கூட்டம் தாங்காது. இத்தாலியில் வேலைநிறுத்தமும் அடிக்கடி வரும். அது வேலை நாளாக இருந்தால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் பிராந்திய ரயில்கள் ஓடியாக வேண்டும் என்று விதி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது வெரோனாவிலிருந்து மியூனிக்குக்கு நேரடி யூரோசிட்டி ரயில், ஐந்தரை மணி நேரம். ஆல்ப்ஸை பிரென்னர் கணவாய் வழியாகத் தாண்டும். இதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், போல்சானோ பக்கம் திராட்சைத் தோட்டங்கள் மலைச்சரிவில் ஏறிப் போவதைத் தூக்கத்தில் விட்டுவிடக் கூடாது.

இப்போது பாஸ் கணக்குக்கு வரலாம். மேலே சொன்ன சுற்றில் உண்மையான நீண்ட ரயில் பயணம் மூன்று நான்குதான். பெரியவர் ஒருவருக்கு ஏழு பயண நாள் இன்டர்ரெயில் 400 யூரோவை நெருங்கும். முன்கூட்டி எடுத்த மலிவு டிக்கெட்டுகள் அதில் பாதியைக்கூடத் தொடாது. பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் தனியாக ரிசர்வேஷன் கட்டணம் உண்டு, பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் சீட்டும் கொஞ்சம்தான். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியத்துக்குள் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. அதனால் பாஸ் லாபம் யாருக்கு என்றால், 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு (பெரியவர் ஒருவரோடு இரண்டு பிள்ளைகள் வரை இலவசம்), 27 வயது வரையிலான இளைஞர்களுக்கு, சுவிட்சர்லாந்தில் நிறையச் சுற்றுகிறவர்களுக்கு, அப்புறம் நாளைக்கு எங்கே என்று இன்றைக்கு இரவுதான் முடிவு செய்வேன் என்பவர்களுக்கு. இரவு ரயிலில் நள்ளிரவுக்குப் பிறகு மாறாமல் போனால் ஏறிய நாள் மட்டுமே கணக்கில் சேரும் என்பதும் ஒரு வசதி. ஆனால் படுக்கைக்குத் தனிக் காசு.

ஓபிபியின் இரவு ரயிலான நைட்ஜெட்டில் மூன்று வகை: உட்காரும் சீட், நம் ஊர் ஸ்லீப்பர் கிளாஸ் மாதிரியான படுக்கை, கதவு பூட்டும் தனி அறை. சீட் மலிவாகத் தெரியும், அதில் எடுத்துவிட்டு மறுநாள் முழுக்க அறையில் தூங்குவதில் என்ன மிச்சம்? நடுவில் உள்ளதை எடுங்கள், காலையில் சின்னதாகக் காபியும் ரொட்டியும் வரும். தனியாகப் போகும் பெண்கள் பெண்களுக்கான பெட்டியைக் கேட்டு வாங்கலாம். அம்மா அப்பா வருகிறார்கள் என்றால் லோயர் பெர்த் இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள், மேலே ஏற ஏணிதான்.

இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ எல்லையில் போலீஸ் ஏறுவது சகஜம். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. நடுராத்திரியில் விளக்கைப் போட்டு, டார்ச்சோடு ஒவ்வொரு சீட்டாக வருவார்கள். அசல் பாஸ்போர்ட், அசல் குடியிருப்பு அட்டை இரண்டும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். மொபைலில் உள்ள படம் செல்லாது. பஸ்ஸின் அடியில் போட்ட பெட்டிக்குள் வைத்துவிட்டால் எல்லோரும் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். அட்டை பயணத்தின் நடுவே காலாவதியாகும் என்றால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ஜெர்மன் அட்டையோடு மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் இருக்கலாம். பிரிட்டன், அயர்லாந்து அதில் சேராது. பெற்றோர் ஒற்றை நுழைவு விசாவில் வந்திருந்தால் செர்பியா பக்கம் ஒரு நாள் எட்டிப் பார்த்தாலும் திரும்பி உள்ளே வர முடியாது.

ஜெர்மன் மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கத்தில் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பதால் கவலை இல்லை என்று நினைப்பவர்கள் அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அது டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்தில் செல்லாது. வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு வருடத்துக்குப் பத்து இருபது யூரோவில் கிடைக்கிறது, ஆளுக்கு ஒன்று போட்டுவிடுங்கள்.

டிக்கெட்டை முடிந்தவரை ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது. முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், ஒரே டிக்கெட் என்றால் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனியாக எடுத்திருந்தால் நஷ்டம் உங்களுக்கு. ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதமும் கேட்டு வாங்கலாம். ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு மாறும் இடத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். பஸ் நிற்கும் இடத்தை முந்தின இரவே வரைபடத்தில் பார்த்து வையுங்கள், பல ஊர்களில் அது ஸ்டேஷன் வாசலில் இருக்காது.

சாப்பாடு பற்றி நீட்ட வேண்டாம். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பொடி ஒரு டப்பா போதும். குக்கரைத் தூக்கிப் போகும் முன், அறைக்குள் சமைக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதிக நாள் தங்கும் ஊரில் சமையலறை உள்ள வீடாக எடுத்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் கிடையாது, பெரிய ஸ்டேஷனுக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். வியன்னா குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் ஊற்றிலிருந்து வருவது, பாட்டில் வாங்காதீர்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் ஹங்கேரியில் சூப்பைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், காய்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம்.

பாரிஸ் எங்கே என்று கேட்பீர்கள். அதை இந்தச் சுற்றில் திணிக்காதீர்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து நேரடி ரயில் மூன்றரை மணி நேரத்துக்குள், பிராங்க்ஃபர்ட்டிலிருந்து நான்கு மணி நேரம். தனியாக ஒரு நீண்ட வார இறுதி போதும். இறங்குவது கார் தெ லெஸ்ட் ஸ்டேஷன். அங்கிருந்து வடக்கே ஒரு கால் மணி நேரம் நடந்தால் லா ஷாபெல், ஈழத்தமிழர் கடைத்தெரு. கொத்துரொட்டி, தோசை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். மாணிக்க விநாயகர் கோவில் தேர் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்து ஞாயிறு ஒன்றில் அந்தத் தெருக்களில் வரும். அந்த வாரம் போகிறவர்கள் அறையை இப்போதே பார்த்துவிடுங்கள்.